ஹைட்டி சேதக் கணக்கு: கட்டடம் நிற்கிறது, உள்ளே யாரும் இல்லை. இதை எங்கே எழுதுவது?

கேட்டவர்: நிலவரைபடம்

வணக்கம். செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சேத வரைபடம் போடுவதுதான் என் வேலை. புயல், வெள்ளம், நிலநடுக்கம் என்று ஆறு வருடமாகச் செய்துவருகிறேன். ஆயுதக் குழுக்களின் வன்முறையில் சிக்கிய ஒரு நாட்டின் கணக்கெடுப்பில் சேர்ந்திருப்பது இதுதான் முதல்முறை. நாடு ஹைட்டி. நான் அங்கே போனதில்லை, இப்போதைக்குப் போகவும் முடியாது. படங்கள்தான் என்னிடம் வருகின்றன.

எனக்குக் கொடுத்தது தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் சில பகுதிகள். கட்டடங்களை நான்காகப் பிரிக்க வேண்டும்: அழிந்தது, கடும் சேதம், லேசான சேதம், சேதமில்லை. எரிந்த வீடுகள் தெரிகின்றன, சில தெருக்கள் வரிசையாகக் கருகிக் கிடக்கின்றன. ஆனால் மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலானவை 'சேதமில்லை' என்ற கடைசிக் கட்டத்தில்தான் விழுகின்றன. ஒரு மருத்துவமனையை மூன்று மாதப் படங்களில் பார்த்தேன். கூரை முழுசாக இருக்கிறது, மதில் இருக்கிறது. வாசலில் வண்டி இல்லை, ஆள் இல்லை. வளாகத்துக்குள் புதர் வளர்வது மாதாமாதம் தெரிகிறது. அதையும் 'சேதமில்லை' என்றுதான் குறித்தேன். குறித்துவிட்டு அன்று ராத்திரி தூங்க முடியவில்லை.

2025 ஜூன் கணக்கில் ஹைட்டியில் சுமார் 13 லட்சம் பேர் இடம்பெயர்ந்திருக்கிறார்கள். 2024இல் மட்டும் கொல்லப்பட்டவர்கள் 5,600க்கு மேல் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொல்கிறது. என் வரைபடத்தைப் பார்த்தால் அந்த ஊரில் பெரிதாக ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கிறது.

என் மேலாளர் நல்லவர். "படத்தில் தெரிவதைத்தான் நாம் எழுத முடியும்" என்கிறார். அதுவும் நியாயம்தான். ஆனால் இந்த அட்டவணையை வைத்துத்தானே எங்கே எவ்வளவு பணம் என்று முடிவு செய்வார்கள்? அங்கே போகாமலே இதை எப்படிச் சரிசெய்வது? இன்னொன்றும் கேட்க வேண்டும். சண்டை இன்னும் ஓயாத நிலையில் மீட்சித் திட்டம் போடுவதில் அர்த்தம் உண்டா? இந்த வேலையில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

---

பதில்: வன்னிக்காரன்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். முதலில் என் கதை ஒன்றைச் சொல்கிறேன். அதைச் சொல்லாமல் மிச்சத்தைச் சொல்ல வராது.

2003இல், சமாதான காலத்தில், எனக்கு இருபத்து மூன்று வயது. படிவமும் பேனையுமாய் யாழ்ப்பாணத்தில் சேதம் பதிகிற வேலை. கூரை, சுவர், நிலம், கதவு, யன்னல் என்று வரிசை. ஒவ்வொன்றுக்கும் முழுச் சேதம், பகுதிச் சேதம், சேதமில்லை என்று மூன்று பெட்டி. ஒரு நலன்புரி நிலையத்தில் வலிகாமம் வடக்கைச் சேர்ந்த ஒரு அம்மா இருந்தார். 1990இல் வீட்டை விட்டு வெளிக்கிட்டவர். வீடு இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. "வீட்டுக்கு என்ன நடந்தது அம்மா?" என்று கேட்டேன். "ஒன்றும் நடக்கேல்லத் தம்பி, அப்படியே நிக்குது. வேலிக்கு இங்கால நின்றால் ஓட்டுக்கூரை தெரியும்" என்றார். நான் 'சேதமில்லை' பெட்டியில் புள்ளடி போட்டேன். படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "அப்ப எனக்கு ஒன்றும் இல்லையோ?"

பதின்மூன்று வருடம் முகாமில் இருந்த மனுசி அவர். அவருக்கான பெட்டி அந்தப் படிவத்தில் இல்லை. நானும் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம், எழுதவில்லை. உங்கள் மருத்துவமனையும் அந்த வீடும் ஒன்றுதான். ஆகவே முதல் வேலை, கடைசிக் கட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள். 'சேதமில்லை, இயங்குகிறது.' 'சேதமில்லை, இயங்கவில்லை அல்லது நெருங்க முடியாது.' மேலாளர் மறுத்தால் குறிப்புப் பகுதியிலாவது போடுங்கள். புதர் வளர்வது படத்தில் தெரிகிறது என்றீர்களே, அதுவும் படத்தில் தெரிகிற ஆதாரம்தான். வாகனமில்லாத வாசலும் ஆதாரம்தான். சந்தை நாளில் சந்தைத் திடல் வெறுமையாய்க் கிடந்தால் அதையும் எழுதலாம்.

ஒரு எச்சரிக்கை. இரவு வெளிச்சத்தை வைத்து ஆள் நடமாட்டத்தைக் கணிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஹைட்டியில் அதை நம்பிவிடாதீர்கள். மின்சாரம் ஏற்கெனவே சில மணிநேரம்தான் வரும், பல இடங்களில் அதுவும் இல்லை. இருட்டாய் இருப்பதால் ஆட்கள் ஓடிவிட்டார்கள் என்று எழுதினால் பிழையாகிப்போகும்.

இதை எப்படிச் சொல்கிறேன் என்றால், நான் பிறகு ஹைட்டியிலேயே இரண்டு வருடம் வேலை செய்தேன், தெற்கில், லே காய் என்ற ஊரில். 2021 ஆகஸ்ட் 14 நிலநடுக்கத்தில் உடைந்த வீடுகளைத் திருத்துகிற வேலை. அந்த நடுக்கம் 7.2 அளவு, 2,200 பேருக்கு மேல் இறந்தார்கள். தலைநகரிலிருந்து தெற்குக்குப் போகிற பெருவீதி மார்ட்டிசான் என்ற இடத்தைத் தாண்ட வேண்டும். 2021 ஜூனிலிருந்து அது ஆயுதக் குழுக்களின் கையில். நாங்கள் ஹெலிகொப்டரில் போய் இறங்குவோம். அந்தப் பாதையால் பிழைக்கிற சனத்துக்கு ஹெலிகொப்டர் ஏது?

லே காயில் என் பக்கத்து வீட்டில் இரண்டு அறை. ஒரு அறையின் சுவர் நடுக்கத்தில் வெடித்து, பலகை முட்டுக் கொடுத்து நின்றது. ஐந்து பேர் இருந்த அந்த வீட்டுக்குத் தலைநகரிலிருந்து தங்கை குடும்பம், தங்கையின் மாமியார், பக்கத்துத் தெருப் பிள்ளைகள் இரண்டு என்று பதினொரு பேர் வந்து சேர்ந்தார்கள். மழைநீர்த் தொட்டி இரண்டு கிழமையில் வற்றிப்போனது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லை. வீட்டுக்காரி தன் ஆடுகளை ஒவ்வொன்றாய் விற்றாள். இடம்பெயர்ந்தவர்களில் பெரும்பாலானவர்கள் முகாமில் இல்லை, இப்படி உறவுக்காரர் வீடுகளில்தான் இருக்கிறார்கள். உங்கள் படத்தில் அந்த வீட்டில் எந்த மாற்றமும் தெரியாது. போர்ட்-ஓ-பிரின்ஸில் நடந்த சேதம் இருநூறு கிலோமீட்டர் தள்ளி வந்து அந்தத் தொட்டியில்தான் இறங்கியது. அதனால் கணக்கெடுப்பின் எல்லையைச் சண்டை நடக்கும் இடத்தோடு நிறுத்த வேண்டாம். கிராண்டான்ஸ், நிப், தெற்கு ஆகிய மாவட்டங்கள், ஆட்கள் போய்ச் சேர்ந்த இடமெல்லாம் உள்ளே வர வேண்டும்.

அங்கே ஒரு சுவருக்குள் எத்தனை பேர், ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், தண்ணீர் எத்தனை நாளைக்குப் போதும் என்று கேளுங்கள். தொலைபேசியில் கேட்டாலே பதில் வரும்.

அப்புறம், மதான் சாரா. இந்தப் பெயரைக் குறித்துவையுங்கள். ஊரில் விளைவதை வாங்கிப் பட்டணத்துக்குக் கொண்டுபோய் விற்கிற வியாபாரிப் பெண்களை அப்படிச் சொல்வார்கள், ஓயாமல் சத்தம் போடுகிற ஒரு பறவையின் பெயர். ஹைட்டியின் சாப்பாடு நகர்வது இவர்கள் தலையிலும் லொறியிலும்தான். எந்தக் குழு எந்தச் சந்தியில் எவ்வளவு கப்பம் எடுக்கிறது, எந்தக் கிழமையில் பாதை திறக்கிறது, ஆர்ட்டிபோனிட் அரிசி எங்கே தங்கி நிற்கிறது என்று எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். முன்பு கிழமைக்கு எத்தனை தடவை போனீர்கள், இப்போது எத்தனை, வழியில் எத்தனை இடத்தில் காசு கொடுக்கிறீர்கள். இந்த மூன்று கேள்வி போதும். ஆர்ட்டிபோனிட் நாட்டின் நெற்களஞ்சியம், அங்கேயும் குழுக்கள் விவசாயிகளை வயலை விட்டுத் துரத்தியிருக்கின்றன. பயிர்ப் பச்சை குறைவதைப் படத்தில் பார்த்துவிடலாம். ஆனால் அது மழை பொய்த்ததாலா, நீர்க்கால்வாய் அடைபட்டதாலா, ஆள் பயந்து ஓடியதாலா என்று ஒரு சாரா சொன்னால்தான் தெரியும்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு இன்னொரு ஆள் பதில் சொல்லட்டும். என்னைக் கேட்டால், அந்தப் பக்கத்து வீட்டுத் தொட்டிக்குச் சண்டை ஓயும்வரை காத்திருக்க முடியாது.

---

பதில்: செவிலி_அக்கா

மருத்துவமனை பற்றி மட்டும் சொல்கிறேன், அதுதான் எனக்குத் தெரிந்தது. பன்னிரண்டு வருடம் சண்டை நடக்கும் நாடுகளில் வார்டு பார்த்திருக்கிறேன்.

மருத்துவமனை என்பது கட்டடம் இல்லை, நிலவரைபடம். எங்கள் வார்டு ஒருமுறை மூடப்பட்டது குண்டு விழுந்து அல்ல. ஜெனரேட்டருக்கு டீசல் வரும் பாதை அடைபட்டது. முதலில் எக்ஸ்ரேயை நிறுத்தினோம், அடுத்து அறுவை அரங்கை, கடைசியில் குளிர்பெட்டியில் இருந்த தடுப்பூசிகளைப் பெட்டி பெட்டியாக எண்ணிக் கழித்தோம். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் ஒருவர் இரவோடு இரவாகக் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போனார். அவரை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் அவரைப் போல ஒருவரை உருவாக்கப் பத்து வருடம் ஆகும். உங்கள் அட்டவணையில் அந்தப் பத்து வருடத்துக்கு விலை எங்கே? ஹைட்டியில் வெளிநாடு போய்விட்ட மருத்துவர்களையும் செவிலியர்களையும் கணக்கில் எடுக்காமல் படுக்கைகளை மட்டும் எண்ணினால், நாளைக்குப் புதுக் கட்டடம் கட்டிப் பூட்டி வைப்பார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், சொல்லும்போது எனக்குக் கை நடுங்குகிறது. போர்ட்-ஓ-பிரின்ஸின் பொது மருத்துவமனை 2024 தொடக்கத்தில் வன்முறையால் மூடப்பட்டது. அந்த வருடம் டிசம்பர் 24 அன்று அதைத் திரும்பத் திறக்கிறோம் என்று அறிவித்து, பத்திரிகையாளர்களை வரவழைத்தார்கள். திறப்பு நடப்பதற்குள் ஆயுதக் குழு வந்து சுட்டது. இரண்டு பத்திரிகையாளர்களும் ஒரு காவலரும் இறந்தார்கள். 'திறந்தாயிற்று' என்று ஒரு பெட்டியில் குறிப்பதற்கு முன், அங்கே வேலை செய்பவர் காலையில் வந்து சாயங்காலம் உயிரோடு வீடு போக முடியுமா என்று கேட்க வேண்டும்.

தொலைபேசியில் கேளுங்கள் என்று அண்ணா சொன்னது நல்ல யோசனை. ஆனால் பெயர், முகவரி, எந்தத் தெருவில் ஒளிந்திருக்கிறார் என்பதையெல்லாம் ஒரே எக்செல் கோப்பில் போட்டு மின்னஞ்சலில் அனுப்பிவிடாதீர்கள். அது யார் கையில் போகும் என்று யாருக்கும் தெரியாது. பாலியல் வன்முறை பற்றி நீங்கள் கேட்கவே கேட்காதீர்கள். அதைக் கேட்பதற்குப் பயிற்சி வேண்டும், கேட்டபின் உதவி கையில் இருக்க வேண்டும். உங்களுக்குத் தேவையான எண்ணிக்கையைச் சிகிச்சை கொடுக்கிற அமைப்புகளிடம், பெயர் இல்லாமல், மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

---

நிலவரைபடம் எழுதியது

அண்ணா, அக்கா, இருவருக்கும் நன்றி. இரண்டாகப் பிரித்த அட்டவணையை இன்று மேலாளரிடம் காட்டினேன். மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி கேட்டார், என்னிடம் பதில் இல்லை. "மூடிய மருத்துவமனையைச் சேதத்தில் சேர்த்தால், நாளைக்கு அதையே இழப்பிலும் சேர்ப்பார்கள். ஒரே விஷயத்துக்கு இரண்டு தடவை பணம் கேட்டதாக ஆகும். அப்புறம் மொத்தக் கணக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள்" என்றார். இதை எப்படிக் கையாள்வது?

---

பதில்: வரவுசெலவு

உங்கள் மேலாளர் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். நான் கள ஆள் இல்லை, கணக்கெடுப்பு முடிந்தபின் வரும் எண்களைத் திட்டமாக மாற்றும் பக்கத்தில் இருந்தவன்.

சேதம், இழப்பு, தேவை என்று பிரிக்கிற இந்தக் கணக்கெடுப்பு முறையின் வேர் 1970களில் ஐ.நா.வின் லத்தீன் அமெரிக்க, கரீபியன் பொருளாதார ஆணையம் உருவாக்கியது. இயற்கைச் சீற்றத்துக்காக வந்தது. அதனால்தான் உடைந்த பொருளிலிருந்து தொடங்குகிறது. உடைந்ததைத் திரும்பக் கட்டும் விலை சேதம். அது உடைந்ததாலோ மூடியதாலோ மாதாமாதம் போகும் வருமானமும் கூடும் செலவும் இழப்பு. பழைய நிலைக்கோ அதைவிட நல்ல நிலைக்கோ போக என்ன வேண்டும் என்பது தேவை. சேதத்தையும் இழப்பையும் கூட்டினால் தேவை வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது, அது தனிக் கணக்கு.

ஆகவே வன்னிக்காரன் சொன்ன பிரிப்பை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மூடிய மருத்துவமனைக்குச் சேதத்தில் ஒரு டாலரும் போடாதீர்கள். மூடிய மாதங்களுக்கான செலவை இழப்பில் எழுதுங்கள். நோயாளியை வேறு ஊருக்குக் கொண்டுபோன செலவு, வேலை செய்யாமலும் கொடுத்த சம்பளம், கெட்டுப்போன மருந்து. ஆள், டீசல், பாதுகாப்பு, பாதை எல்லாம் தேவையில் வரும். இப்படிச் செய்தால் இரட்டை எண்ணிக்கை வராது. ஹைட்டியில் சேதத்தைவிட இழப்புத்தான் பெரிய விஷயம் என்பதும் பார்த்தவுடன் தெரியும்.

இன்னொரு இடத்தில் எனக்குக் கவலை. 'பழைய நிலை' என்று எந்த நாளை எடுத்தீர்கள்? அதிபர் மொய்ஸ் கொல்லப்பட்ட 2021 ஜூலை 7க்கு முன்பா? மார்ட்டிசான் பாதை அதற்கு ஒரு மாதம் முன்பே போய்விட்டது. 2010 நிலநடுக்கத்துக்கு முன்பா? எந்தத் தேதியை எடுத்தாலும் பல பேட்டைகளில் அரசுப் பள்ளி இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை, காவல் நிலையம் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் ஆயுதக் குழுக்கள் வளர்ந்தன. பழைய நிலையை மீட்கிறோம் என்று திட்டம் எழுதினால் குழுக்கள் வளர்ந்த மண்ணைத்தான் திரும்பப் பதப்படுத்துகிறோம். உலக வங்கியும் ஐரோப்பிய ஒன்றியமும் ஐ.நா.வும் 2008இல் கூட்டு அறிவிப்பு செய்து, நெருக்கடிக்குப் பிந்தைய கணக்கெடுப்பைச் சேர்ந்தே செய்வது என்று முடிவெடுத்தன. அந்த வழியில் வந்த நல்ல கணக்கெடுப்புகளில், என்ன உடைந்தது என்பதோடு ஏன் சண்டை வந்தது என்ற அத்தியாயமும் இருக்கும். உங்கள் அறிக்கையில் அது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேளுங்கள்.

சண்டை ஓயாமல் திட்டமா என்ற கேள்விக்கு வருகிறேன். உக்ரைனைப் பாருங்கள், போர் நடக்கும்போதே கணக்கெடுத்தார்கள். 2022 செப்டம்பரில் தேவை 34,900 கோடி டாலர், 2025 பிப்ரவரியில் 52,400 கோடி டாலர். எண் மாறியது, ஆனால் ஒவ்வொரு தடவையும் அந்த வருடம் எதை முதலில் செய்வது என்று பேச ஒரு தாள் கையில் இருந்தது. ஹைட்டிக்கும் அரசு, உலக வங்கி, ஐரோப்பிய ஒன்றியம், ஐ.நா., இன்டர்-அமெரிக்கன் டெவலப்மென்ட் பேங்க் எல்லாம் சேர்ந்து 2024இல் விரைவுக் கணக்கெடுப்பு செய்தன. 2025, 2026 இரண்டு வருடத்துக்குத் தேவை 134 கோடி டாலர் என்று வந்தது. இரண்டே வருடம் என்று சுருக்கியது புத்திசாலித்தனம். பத்து வருடக் கனவை இந்த நேரத்தில் எழுதினால் யாரும் தொட மாட்டார்கள்.

ஆனால் எண் பெரிதாக இருப்பதால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. 2010 நிலநடுக்கத்துக்குப் பின் வந்த கணக்கு இன்னும் நினைவிருக்கிறது. சேதமும் இழப்பும் சேர்த்து 780 கோடி டாலர், அதற்கு முந்தைய வருடம் அந்த நாட்டின் மொத்த உற்பத்தியைவிட அதிகம். தேவை 1,150 கோடி டாலர். நியூயார்க்கில் மாநாடு நடந்தது, நாடுகள் வாக்குறுதி கொடுத்தன. பெரிய பெருமையோடு எழுந்தது கராகோல் தொழிற்பூங்கா. அது வடகிழக்கில், நடுக்கம் தொடாத இடத்தில், உழவர்கள் பயிர் செய்துகொண்டிருந்த நிலத்தில். தலைநகரில் கூடாரத்தில் இருந்தவருக்கு அதனால் என்ன வந்தது? இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். திட்டத்தில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில், இது எந்த ஊரில், எந்த இழப்புக்குப் பதில் என்று எழுத வைத்திருந்தால் கராகோல் அந்தப் பட்டியலில் முதல் இடத்துக்கு வந்திருக்காது.

---

பதில்: வன்னிக்காரன்

வரவுசெலவு ஐயா சொன்ன கணக்கு விஷயத்தை ஏற்கிறேன். ஒன்றே ஒன்று. அட்டவணையில் 'தனியார் நன்கொடை' என்று சின்னதாய் ஒரு வரி இருக்கும், பெரும்பாலும் வெறுமையாய் விடுவார்கள். வெளிநாட்டு ஹைட்டியர்கள் அனுப்புகிற காசு அந்த நாட்டு உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. என் பக்கத்து வீட்டு வெடித்த சுவரை முடிவில் கட்டியது எங்கள் திட்டம் அல்ல, மயாமியில் இருந்த அண்ணன். அவர் அனுப்பியதும் ஆடு விற்ற காசும் தேவைக் கணக்கிலிருந்து மறைந்துவிடக் கூடாது. 'ஏற்கெனவே திருத்தியாயிற்று' என்று எழுதி அந்தக் குடும்பத்தைப் பட்டியலிலிருந்து எடுப்பார்கள், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அவர்கள் திருத்தவில்லை, கடன் பட்டிருக்கிறார்கள்.

---

நிலவரைபடம் எழுதியது

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

அட்டவணை இப்போது ஐந்து கட்டம். இயங்காதவற்றுக்குச் சேதத்தில் பூஜ்யம், பக்கத்தில் மூடிய மாதங்களின் எண்ணிக்கை. தெற்கு மாவட்டத்தையும் கிராண்டான்ஸையும் சேர்க்க அனுமதி கிடைத்தது. நிப் மட்டும் அடுத்த சுற்றுக்கு என்று சொல்லிவிட்டார்கள். விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சண்டையின் காரணங்கள் பற்றிய அத்தியாயம் இருக்கிறது, ஆனால் அதை எழுதுபவரும் நாங்களும் ஒருமுறைகூடப் பேசியதில்லை. இந்த வாரம் முதல்முறையாகப் பேசினோம்.

அங்கே இருக்கும் சக ஊழியர் ஒருவர் மூலமாக, பெயர் எதையும் பதியாமல், வியாபாரம் செய்யும் பெண்கள் ஒன்பது பேரிடம் அண்ணா சொன்ன மூன்று கேள்வியையும் தொலைபேசியில் கேட்டோம். ஒருவர், முன்பு வாரம் இரண்டு தடவை தலைநகருக்குப் போனதாகவும் இப்போது மாதம் ஒரு தடவைகூடப் போவதில்லை என்றும் சொன்னார். எத்தனை இடத்தில் காசு கொடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு எண்ணத் தொடங்கி, ஏழுக்கு மேல் நிறுத்திக்கொண்டார். பிறகு அவரே ஒரு கேள்வி கேட்டார், என் சக ஊழியர் அதை அப்படியே எழுதி அனுப்பியிருந்தார்: "பாதை திறந்தால் எனக்கு யாரும் பணம் தர வேண்டாம். அதை எந்த இடத்தில் எழுதுவீர்கள்?"

அவர் கேட்டதை அட்டவணையின் தேவைப் பகுதியில், போக்குவரத்து என்ற தலைப்புக்குக் கீழே, முதல் வரியாகப் போட்டிருக்கிறேன். டாலர் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. வரவுசெலவு ஐயா, ஒரு பாதை ஒரு வருடம் திறந்திருப்பதற்கான செலவை எதிலிருந்து தொடங்கிக் கணக்கிடுவது?